சிலுவைப்பாதையா, நோன்பா, வாசிப்பா: உயிர்ப்பு விழாவரை உடன்வருவது எது?

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு விவாதம் எழும். நான் கத்தோலிக்கன், என் மனைவி மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். நான் தவக்காலம் என்பதை அவர் லெந்து என்பார். நான் திருநீற்றுப் புதன் என்றால் அவருக்கு அது சாம்பல் புதன். பெயர்களின் வேறுபாடு பழகிவிட்டது. ஆனால் அந்தப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய நாள்வரை வரும் 46 நாள்களில், ஆறு ஞாயிறுகளைக் கழித்தபின் எஞ்சும் நாற்பது நாள்களை எவ்வாறு கழிப்பது என்பதில் இன்றுவரை நாங்கள் ஒத்துப்போனதில்லை. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே பயணம் செய்து, இரவு ஏழரைக்குத் திரும்பும் சிங்கப்பூர் ஊழியர் ஒருவருக்கு, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைவுகூர்ந்து செபிக்கும் சிலுவைப்பாதை, நோன்பு, தனித்திருந்து மறைநூல் வாசிப்பு ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்ய நேரம் வாய்ப்பதில்லை. ஒன்றை இறுகப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. ஆகவே, தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

தேர்ந்தெடுப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எது அதிகக் கடினமானது, எது அதிகக் கண்ணீரை வரவழைக்கிறது என்பவை சரியான அளவுகோல்கள் என எனக்குத் தோன்றவில்லை. தொடக்ககாலத் திருச்சபையில் தவக்காலம் என்பது, உயிர்ப்பு இரவில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறவிருந்தவர்களின் கடைசிக்கட்ட ஆயத்தமாக இருந்தது. ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். அப்படியானால், இந்த மூன்று வழிகளில் எது நம்மை உயிர்ப்பு ஞாயிறுவரை அழைத்துச்செல்கிறது, எது பெரிய வெள்ளியன்று கல்லறை வாசலிலேயே விட்டுவிடுகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

சிலுவைப்பாதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் மனம் அதன் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிமுடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம், தமிழில் இறைவேண்டல் செய்ய விரும்பும் பலருடைய கால்கள் தாமாகவே நாடிச்செல்லும் இடம். 2005இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் அது அறிவிக்கப்பட்டது. வேலை முடிந்து வந்த களைப்போடு, அலுவலகப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் முழந்தாளிட்டு எழும்போது, நம் மனம் அங்கே இருக்கிறதா இல்லையா என்பதை உடல் பொருட்படுத்துவதில்லை. சிந்தனை அலைந்தாலும் முழங்கால் அலைவதில்லை. அடுத்த நிலையில் பக்கத்தில் இருப்பவர் எழும்போது நாமும் எழுகிறோம். தனியாகச் செபிப்பதற்கான ஊக்கம் வற்றிப்போன வாரங்களிலும் இது ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும். மற்ற இரண்டு வழிகளுக்கும் இந்த வலிமை கிடையாது.

மொழியும் ஒரு காரணம். ‘திவ்விய’, ‘அர்ச்சிஷ்ட’ போன்ற பழைய சொற்கள், திருப்பலி தமிழில் புதுப்பிக்கப்பட்ட பின்னரும் பெரியவர்களின் சிலுவைப்பாதைச் செபங்களில் தங்கிவிட்டன. அவற்றின் பொருள் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. பள்ளியில் படிக்கும் தமிழில் அவை வருவதும் இல்லை. ஆயினும், பாட்டியின் குரலில் கேட்ட சொல் என்பதாலேயே அது அவர்களுடைய மனத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதைக் குறை என்பவர்களும் உண்டு. புரியாத சொல்லைச் சொல்லி என்ன பயன் என்று என் மனைவி கேட்பதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

அவருடைய மற்றொரு கேள்வி இன்னும் கூர்மையானது. பதினான்கு நிலைகளில் எத்தனை நற்செய்தி நூல்களில் இருக்கின்றன? இயேசு மூன்று முறை விழுவது, தாயை வழியில் சந்திப்பது, வெரோணிக்கா முகம் துடைப்பது ஆகியவை மரபில் வளர்ந்தவையே தவிர, நற்செய்தியில் எழுதப்பட்டவை அல்ல. எருசலேமுக்குச் செல்ல இயலாதவர்களுக்காக அந்தப் புனிதப் பயணத்தை ஊரூராகக் கொண்டுவந்த பிரான்சிஸ்கன் துறவியரிடம் இந்தப் பக்தி வளர்ந்தது. 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் நிலைகளின் எண்ணிக்கையைப் பதினான்கு என உறுதிசெய்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று உரோமையின் கொலோசேயத்தில் நடத்திய சிலுவைப்பாதையில், கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கி முழுக்க நற்செய்தி நிகழ்வுகளையே பின்பற்றும் வேறொரு வரிசையைக் கையாண்டார் என்பதைப் பார்த்தால், இந்தக் கேள்வி கத்தோலிக்கர்களுக்கும் புதிதல்ல என்பது விளங்கும்.

இதற்கு நான் திருப்பிச் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் திருச்சபைகள் பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை நடத்தும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய தியானமும் பல துணுக்குகளை ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான். ஏழில் மூன்று லூக்காவிலும் மூன்று யோவானிலும் உள்ளன. எஞ்சிய ஒன்று மத்தேயுவிலும் மாற்குவிலும் இருக்கிறது. ஏழும் ஒருசேர வரும் நற்செய்தி நூல் எதுவும் இல்லை. அதைவிடச் சுவையான செய்தி, அந்த மும்மணித் தியானம் பெரு நாட்டின் லீமா நகரில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குருவான அலோன்சோ மெசியா தொடங்கிவைத்த கத்தோலிக்கப் பக்தி முயற்சி என்பதாகும். அதை நான் சொன்ன ஆண்டில் என் மாமனார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நல்லது எங்கிருந்து வந்தால் என்ன மாப்பிள்ளை” என்றார்.

சிலுவைப்பாதையின் உண்மையான குறை நற்செய்தியில் இல்லாத நிலைகள் அல்ல. பதினான்காம் நிலையில் உடலைக் கல்லறையில் வைத்ததோடு அது முடிந்துவிடுகிறது என்பதே அதன் குறை. தவக்காலத்தில் திருநீற்றுப் புதனுக்கு அடுத்து வருவதிலிருந்து பெரிய வெள்ளிவரை ஏழு வெள்ளிக்கிழமைகள். ஏழிலும் கல்லறையில் நின்றவர், எட்டாவது முறையாக அதே கல்லறைக்கு விடியற்காலையில் செல்வதற்கு எந்தப் பயிற்சியும் பெற்றிருப்பதில்லை. துயரத்தின் அழகை நம்மவர்கள் நன்கு அறிவார்கள். ஒப்பாரியை இலக்கியமாக்கிய மொழி நம்முடையது. பெரிய வெள்ளியன்று அழுது முடித்துக் கடன் தீர்ந்தாற்போல வீடு திரும்பி, உயிர்ப்பு ஞாயிற்றை ஒரு பிரியாணி நாளாக மட்டும் கழிப்பவர்களை எனக்குத் தெரியும். சில ஆண்டுகள் நானும் அவர்களில் ஒருவன். சிங்கப்பூரில் பெரிய வெள்ளி பொது விடுமுறை என்பதும், 1968க்குப் பிறகு உயிர்ப்புத் திங்கள் பொது விடுமுறையாக இல்லை என்பதும் இந்தச் சாய்வுக்கு ஓரளவு துணைசெய்கின்றன.

நோன்பைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் துணிவில்லை, காரணம் கத்தோலிக்கச் சட்டம் கேட்பது அவ்வளவு சிறிது. திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களில் மட்டும், 18 வயதுமுதல் 59 வயதுவரை உள்ளவர்கள், ஒருவேளை முழு உணவும், இரண்டும் சேர்ந்தாலும் ஒருவேளை உணவுக்கு ஈடாகாத இரு சிற்றுணவுகளும் உண்ணலாம். வெள்ளிக்கிழமைகளில் 14 வயதுக்கு மேற்பட்டோர் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ரமலான் நோன்பு மார்ச் 2ஆம் தேதி தொடங்கியது. திருநீற்றுப் புதன் மார்ச் 5ஆம் தேதி வந்தது. எனக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் மலாய்த் தோழர் விடியற்காலை முதல் ஒரு வாய்த் தண்ணீரும் இல்லாமல் வேலை பார்க்கும்போது, நான் கோழிக் கறிக்குப் பதிலாக மீன் கறி வாங்கி வந்ததைத் தவம் என்று சொல்லிக்கொள்ள நாக் கூசியது. மீனுக்கு விலக்கு இருக்கிறது என்பதற்காக வெள்ளிக்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வருவது சட்டத்தை மீறுவதாகாது. ஆனால் ஏசாயா 58ஆம் அதிகாரத்தை அன்றிரவு வாசிப்பது சற்றுக் கடினமாக இருக்கும். பசித்தவனோடு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதும்தான் தாம் விரும்பும் நோன்பு என்று அங்கே கடவுள் சொல்கிறார்.

ஆகவே, நோன்பு தனியாக நின்றால் மூன்றில் மிகவும் பலவீனமானது என்பதே என் முடிவு. அது எளிதில் உடல் எடைக் கணக்காக மாறிவிடும். ஈகையோடு சேர்ந்தால் கதை வேறு. உணவங்காடி நிலையத்தில் மதிய உணவுக்கும் பானத்துக்குமாக ஆறு வெள்ளி செலவழிப்பவர் நாற்பது நாள் அதை விட்டால் 240 வெள்ளி சேரும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விட்டாலும் 42 வெள்ளி. தவக்காலத்தில் கத்தோலிக்க அறப்பணி அமைப்பான காரித்தாஸ் சிங்கப்பூர் நடத்தும் நிதிதிரட்டு வாரத்துக்கோ, பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கோ அந்தத் தொகை போய்ச்சேரும்போது, வயிற்றில் உணர்ந்த பசி வேறொருவரின் தட்டில் நிறைகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரம் ஈகையை முதலிலும், இறைவேண்டலை அடுத்தும், நோன்பைக் கடைசியிலும் வைத்திருப்பதை நான் தற்செயல் என்று எண்ணுவதில்லை. நோன்பிருப்பது பிறருக்குத் தெரியாதபடி முகத்தைக் கழுவிக்கொள் என்று அதே பகுதியைத் திருநீற்றுப் புதனன்று வாசிக்கக் கேட்டுவிட்டு, உடனே நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ரயிலேறுகிறோம் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வழியான தனி வாசிப்பு என் மனைவியின் கட்சி. அவர் அலுவலகம் செல்லும் வழியில் கைப்பேசியில் நாள்தோறும் ஓர் அதிகாரம் வாசிப்பார். இந்த வழியின் குறை வெளிப்படையானது: வாசிப்பின் நடுவே செய்தி வந்து விழும், ஒரு நாள் தவறினால் கேட்பார் இல்லை, மூன்றாவது வாரத்தில் பழக்கம் தளர்ந்துவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கைகோ, வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்நிலையில் அமர்தல் என்னும் நான்கு படிகளைக் காட்டினார். சாங்கி விமான நிலையத்துக்குச் செல்லும் ரயிலில் முதல் படியைத் தாண்டுவதே அரிது என்று நான் கேலி செய்ததுண்டு.

ஆனால் எது உயிர்ப்புவரை கூட வருகிறது என்ற அளவுகோலில் வைத்துப் பார்த்தால், வாசிப்புத்தான் வெல்கிறது; அதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. எதை வாசிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டின் தவக்கால ஞாயிறுகளில், முதல் இரு வாரங்கள் இயேசுவின் பாலைநிலச் சோதனையும் உருமாற்றமும் வாசிக்கப்பட்ட பிறகு, யோவான் நற்செய்தியிலிருந்து மூன்று நீண்ட பகுதிகள் வருகின்றன: 4ஆம் அதிகாரத்தின் சமாரியப் பெண், 9ஆம் அதிகாரத்தின் பிறவியிலேயே பார்வையற்றவர், 11ஆம் அதிகாரத்தின், கல்லறையிலிருந்து உயிரோடு எழுப்பப்பட்ட இலாசர். 2023இல் இவை வாசிக்கப்பட்டன. 2026 மீண்டும் அவற்றின் ஆண்டு. திருமுழுக்குப் பெறவிருப்போர் இருக்கும் பங்குகளில் எந்த ஆண்டும் இவற்றைப் பயன்படுத்தலாம். தண்ணீர், ஒளி, உயிர் என்று இந்த மூன்றும் உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டிவிடுகின்றன. அந்த இரவில் புதுத் தீயிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்படும்போதும், தண்ணீர் மந்திரிக்கப்படும்போதும், இந்தப் பகுதிகளை மெதுவாக வாசித்தவருக்கு எதுவும் திடீரென்று வருவதில்லை. சிலுவைப்பாதை ஏழு முறை கல்லறையை மூடுகிறது என்றால், இலாசரின் கதை பெரிய வெள்ளிக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே ஒரு கல்லறையைத் திறந்துவிடுகிறது.

எனவே, நேரம் மிகக் குறைவாக உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், அந்த மூன்று அதிகாரங்களையும் வாரத்துக்கு ஒன்றாக, கைப்பேசியில் அல்லாமல் தாளில், வாய்விட்டு வாசியுங்கள் என்பேன். தனியாக இருந்தால் ஊக்கம் விட்டுப்போகும் இயல்புடையவர் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கும் போகட்டும். போகாவிட்டால் அவர் வாசிக்கவும் மாட்டார் என்பது என் அனுபவம். நோன்பை, கொடுக்கப்போகும் தொகையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுத் தொடங்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமை எனக்கு, ஞாயிறு மாலை மனைவிக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் நானும் மனைவியும் மகனும் மேசையைச் சுற்றி அமர்ந்து முறைவைத்து வாசிக்கிறோம். பார்வை பெற்றவரின் பெற்றோரிடம் பரிசேயர் விசாரிக்கும் இடத்தில், அவர்கள் அஞ்சிப்போய், அவன் வயது வந்தவன்தானே, அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நழுவுவார்கள். அந்த வரி வந்ததும் மகன் சிரித்துவிட்டான். அவனுக்குச் சென்ற மாதம்தான் பதினெட்டு நிறைந்தது. பெரிய வெள்ளியன்று நோன்பிருக்கிறானா என்று நான் மனைவியிடம் கேட்டதற்கு, அவர் புத்தகத்திலிருந்து தலைநிமிராமலேயே அதே பதிலைச் சொன்னார்.