மசினகுடியில் 'நைட் சஃபாரி'க்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டு விசேஷப் பத்திரிகை வந்தாலும் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இவர் மேப்பைத் திறந்து அந்த ஊர்ப் பக்கம் என்ன காடு இருக்கிறது என்று தேடுவார். பொள்ளாச்சியில் கிரகப்பிரவேசம் என்றால் டாப்சிலிப், கம்பத்தில் கல்யாணம் என்றால் தேக்கடி, மூணாறு போன வகையில் எரவிகுளத்து வரையாடு. பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. அந்தத் தெம்புதான் இந்த ஆவணியில் எங்களைக் கவிழ்த்தது.

மைசூரில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன், மடி கொடுக்க வேண்டியவர், தட்டாமல் போக வேண்டிய விசேஷம். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு காரில் ஒன்பது பேர் கிளம்பி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாமராஜநகர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். விசேஷம் நன்றாகவே நடந்தது, அதை விடுங்கள். திரும்பும்போது பந்திப்பூர், முதுமலை வழியாக வந்து மசினகுடியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் கல்லட்டி மலைப்பாதையில் ஏறி ஊட்டி வழியாக வீடு என்பது திட்டம்.

தங்குமிடம் இன்ஸ்டாகிராமில் கிடைத்தது. ஆற்றங்கரை, மூங்கில் ஊஞ்சல், பின்னால் ஓட்டு வீடு. "ரூம்ல உக்காந்துட்டே யானையைப் பாக்கலாம் மேடம்" என்றான் போனில். மூன்று ரூம் 13,500 ரூபாய், அதில் அட்வான்ஸ் 7,000. நைட் சஃபாரி ஆளுக்கு 800 வீதம் 7,200, அது முழுசும் முன்பணம். நீலகிரிக்குள் வர ஈ-பாஸ் நானே எடுத்துத் தருகிறேன் என்று காருக்கு 250 வீதம் இன்னொரு 500. ஆக 14,700 ரூபாயை ஜீபேயில் அனுப்பினேன். பணம் போகும்போது திரையில் வந்தது காட்டேஜ் பெயரே இல்லை, யாரோ ஒருத்தருடைய சொந்தப் பெயர். பார்த்தேன், பார்த்துவிட்டும் அனுப்பினேன். இவர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார், சொல்லட்டும்.

மைசூரில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி, மூன்றரைக்கெல்லாம் குண்டுலுப்பேட்டை தாண்டிவிட்டோம். அப்போது போன் வருகிறது: "இப்ப வந்துராதீங்க மேடம், க்ளீனிங் நடக்குது, ஏழு மணிக்கு மேல வாங்க." சரி என்று ரோட்டோரம் செண்டுமல்லித் தோட்டத்தில் ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றோம். பந்திப்பூர் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதால் மெதுவாக ஓட்டிக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கக்கநல்லா செக்போஸ்டுக்கு வந்தால், இரண்டு காருக்குமே ஈ-பாஸ் எடுக்கப்படவில்லை. 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம், ஆனால் அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அங்கேயே வரிசையில் நின்று, சிக்னல் வந்து வந்து போக, இவரே போனில் பதிவு செய்து எடுத்தார்.

மசினகுடி பஸ் ஸ்டாண்டில் பைக்கில் ஒரு பையன், "பின்னாடியே வாங்க." போய் நின்ற இடம் ஆற்றங்கரை இல்லை, தெரு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் நீல ட்ரம், மூன்று ரூமுக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம், அதன் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கயிறு. போட்டோவைக் காட்டிக் கேட்டால், "அது ஃபுல் ஆயிருச்சு, இதும் அதே ஓனர்து." நாங்கள் சத்தம் போட்டோம். அந்தப் பையன் துளிகூட அசரவில்லை. "புடிக்கலைன்னா திரும்பிப் போயிக்கங்க, ஒன்பது மணிக்கு கேட் மூடிருவாங்க" என்றான்.

என் வயிறு எரிந்தது அந்த ஒரு வரிக்குத்தான். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி போகத் தடை, 2009லிருந்தே இருக்கிறது. மிருகங்கள் ராத்திரியில் நிம்மதியாக ரோட்டைக் கடக்கட்டும் என்று போட்டது, எனக்கும் அதில் முழுச் சம்மதம். இந்த ஆட்கள் அந்த கேட்டையே முதலாக்கிப் பிழைக்கிறார்கள். க்ளீனிங் ஒன்றும் நடக்கவில்லை, எங்களை இருட்டிய பிறகு உள்ளே வரவைக்கத்தான் அந்தப் போன். 78 வயது மாமியார், சித்தியின் இரண்டு பேரக்குழந்தைகள், வெளியே கும்மிருட்டு, யானை நடமாடும் ஊர். எங்கே போவோம்? மிச்சம் 6,500ஐயும் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போனான்.

சஃபாரியாவது உண்டா என்றால், எட்டரைக்கு ஒரு ஜீப் வந்தது. பேட்டரியில் ஒயரை மாட்டி ஒரு சர்ச்லைட். ஊரைச் சுற்றியுள்ள ரோட்டிலேயே இருபது நிமிஷம் ஓட்டினார். ஒரு காம்பவுண்டுச் சுவர் ஓரம் நான்கு புள்ளிமான், ஒன்று சிப்ஸ் கவரை மென்றுகொண்டு நின்றது, வெளிச்சம் பட்டதும் கண் பச்சையாக மின்னியது. "ஏங்கண்ணு, இதுக்கா ஆளுக்கு எண்ணூறு?" என்றார் மாமியார்.

அடுத்த திருப்பத்தில் வனத்துறை ரோந்து வண்டி. டிரைவர் விளக்கைப் பிடுங்கி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு எங்களிடம் திரும்பி, "கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க" என்றார். காதுகுத்துக்குப் போய் இப்படி ஒரு புதுச் சொந்தம்! இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். ராத்திரியில் விளக்கடித்து மிருகங்களைத் தொந்தரவு செய்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பணம் கொடுத்து உட்கார்ந்து வந்தவர்களும் மாட்டலாம் என்று நன்றாகத் திட்டினார்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் பார்த்து எங்களை விட்டு, வீடு வரை கொண்டுவந்தும் விட்டார்கள். ஜீப்பைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

காலையில் டீக்கடைக்காரரிடம் அந்த ஊஞ்சல் படத்தைக் காட்டினேன். "இது சீல் வெச்ச ரிசார்ட்டுங்க, வருசமாச்சு" என்றார். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டதும், அந்த வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு சொன்னதும் செய்தியில் படித்ததுதான். பூட்டிக் கிடக்கும் இடத்தின் பழைய படத்தை வைத்து இன்னும் அட்வான்ஸ் வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: முதுமலையில் சஃபாரி என்றால் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை தன் வண்டியில் கூட்டிப்போவதுதான், டிக்கெட்டும் அவர்களிடம்தான், ராத்திரியில் கிடையவே கிடையாது. தங்குமிடத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், தாமதமாக வரச்சொன்னால் அப்போதே உஷாராகிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீடியோ காலில் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், ஆனால் பணம் போய் இரண்டு நாள் கழித்து. உடனே அழைத்தால்தான் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகமாம்.

அன்று காலை தெப்பக்காடு யானை முகாமில் ராகிக் களி உருண்டையை யானை வாயில் வைப்பதை மாமியார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களுக்கு அந்த மட்டும் ஆறுதல்.

அந்த இன்ஸ்டா பக்கம் இப்போது இல்லை. ஆனால் போன வாரம் அதே மூங்கில் ஊஞ்சல் வேறொரு பெயரில் என் கண்ணில் பட்டது, இந்தத் தடவை கபினி ஆற்றங்கரையாம்.