பியோனிக் கிழங்கு: தொட்டியிலா, தரையிலா?

டொராண்டோ பக்கம் செப்டம்பர் கடைசியில் பியோனிப் பூச்செடியின் கிழங்கைத் தோண்டித் துண்டுகளாகப் பிரிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்துவிடும். எங்கே நட்டாலும் ஒரு துண்டுக்கு 3 முதல் 5 முளைக்கண் (கிழங்கில் தளிர் கிளம்பும் மொட்டு) இருக்கட்டும்.

செலவு
தரை: கொஞ்சம் மக்கிய உரம் போதும்.
தொட்டி: துண்டுக்கு ஒரு பெரிய தொட்டி, அதை நிரப்ப நல்ல மண்கலவை. பணம் கரையும்.

குளிர்
தரை: கவலையே இல்லை.
தொட்டி: உண்மையான சிக்கல் இங்கேதான். பியோனி பூக்கக் குளிர் வேண்டும். ஆனால் தொட்டியில் நாலு பக்கமும் உறைந்து வேர் செத்துப்போகலாம். சூடேற்றாத கராஜில் வையுங்கள். பாவம் என்று வீட்டுக்குள் கொண்டுவந்தால் குளிர் போதாமல் பூ வராது.

ஆழம்
இரண்டிலும் ஒன்றுதான். முளைக்கண்ணுக்கு மேல் 5 செ.மீ. மண்ணைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வெறும் இலைதான் மிஞ்சும்.

ஆயுள்
தரை: 50 ஆண்டு தாண்டியும் பூக்கும்.
தொட்டி: சில ஆண்டுகளில் வேர் நெருக்கிவிடும்.

சொந்த இடம் இருந்தால் தரைதான், யோசிக்கவே வேண்டாம். வாடகை வீடு, அல்லது அடுத்த ஆண்டு நண்பர்களுக்குக் கொடுக்கும் எண்ணம் என்றால் தொட்டி சரி. அப்புறம் இலையுதிர் காலத்தில் தரைக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.