பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய மரக்கடை: வாங்கியவையும் வாங்காமல் விட்டவையும்

வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடிப் பக்கம் போனால், இடித்த வீடுகளின் கதவு, நிலை, சன்னல், உத்திரம், கம்பி, ஓடு ஆகியவற்றை வாங்கி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கத்து ஆசாரிமார்கள் அதைப் ‘பழைய மரக்கடை’ என்றே சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காயலான் கடையைப் போலத் தெரியும். உள்ளே போனால் நிலைகள் ஒரு சுவரோரம், கதவுகள் ஒரு சுவரோரம், சன்னல் சட்டங்கள் தகரக் கொட்டகைக்குள், பித்தளைச் சாமான்கள் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மரப்பெட்டிகளில் என்று ஒழுங்காக இருக்கின்றன. சென்ற ஓராண்டில் ஏழு முறை போய்ப் பொருள் வாங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போக நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய அந்த மழைக்காலத்தில் எங்கள் கொல்லையில் பல நாட்கள் தண்ணீர் நின்றது. பிளைவுட் கதவின் அடிப்பாகம் ஊறி, அடுக்கடுக்காகப் பிரிந்து, இரண்டு ஆண்டுகள் தகரம் அடித்துச் சமாளித்த பிறகு, கீல் இருந்த இடத்திலும் பிடிமானம் போய்விட்டது. நிலையுடன் புதிய தேக்குக் கதவு செய்ய ஒரு பட்டறையில் 28,000 ரூபாய் கேட்டார்கள். அப்போதுதான் எங்கள் ஆசாரி இந்தக் கடையைச் சொன்னார்.

ஆற்காடு, வாலாஜாப்பேட்டை, குடியாத்தம் பக்கங்களில் இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்துதான் பெரும்பாலான சரக்கு வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கான்கிரீட் கிடையாது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்துத் தளம் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டை இடிக்கும்போது சுண்ணாம்பும் செங்கல்லும் குப்பைக்குப் போனாலும் மரம் விலைக்கு வருகிறது. பல பத்தாண்டுகள் கூரைக்குக் கீழே காய்ந்த மரம் என்பதால், புதிய மரத்தைப் போல வேலூர் வெயிலில் சுருங்கிக் கோணுவதில்லை. இந்தக் கடையில் மரம் வாங்குவதற்கு, விலையைவிட இதுவே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரைப் பாய் என்று அழைக்கிறார்கள், நானும் அப்படியே. முதல் நாள் நான் ஒரு கதவை நிமிர்த்தி வைத்துத் தயங்கி நின்றபோது அவரே ஒரு திருப்புளியை எடுத்துக் கொடுத்தார். “நல்லா குத்திப் பாருங்க சார். இங்கயே பாத்துடுங்க, வூட்டுக்குப் போயி மனசு கஷ்டப்படக் கூடாது” என்றார். பழைய பொருள் விற்பவர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கதவின் அடிச்சட்டத்திலும், நிலைக்கால் தரையைத் தொடும் இடத்திலும், உத்திரம் சுவருக்குள் புதைந்திருந்த முனையிலும் குத்திப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடமே கற்றுக்கொண்டேன். திருப்புளி நுனி தடுக்கி நின்றால் நல்ல மரம். புட்டில் இறங்குவதுபோல இறங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். கதவைத் தரையில் தட்டும்போது மாவு போன்ற தூள் கொட்டினால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, இருக்கிறது என்று பொருள். மண் அப்பியிருந்தால் கரையான். தேக்கில்கூட வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் எதிர்ப்பு உண்டு; ஓரத்தில் இருக்கும் வெள்ளையைக் கரையான் விடுவதில்லை. ஆகவே பலகையின் ஓரம் வெளிறியிருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது.

தேக்கு என்று சொல்லி வேறு மரத்தைத் தருவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. ஒரு மூலையில் இழைப்புளியால் ஒரே ஒரு இழை சீவச் சொன்னேன், மறுக்காமல் சீவினார்கள். புதிதாகச் சீவிய தேக்கில் பதப்படுத்திய தோலின் வாசனை வரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. கையில் எடுத்தால் தேக்கின் கனம் ஒரு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. வேங்கை அதைவிடக் கனமானது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயமும் விடும். நான் வாங்கிய கதவு இந்தச் சோதனைகள் அனைத்திலும் தேறியது. பிறகு வாங்கிய ஒரு அலமாரிப் பலகையை மட்டும் அவசரத்தில் பார்க்காமல் எடுத்து வந்தேன், அது வேங்கை. பாய் மறுவார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார், வண்டிக் கூலி என்னுடையது.

கடைமேல் எனக்கு ஒரு குறை உண்டு. அது அளவு எடுக்கும் முறை. மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். நான் எடுத்த நிலையின் கால்கள் இரண்டும் ஏழடி நீளம், நான்கு அங்குல அகலம், மூன்று அங்குலக் கனம்; மேல்சட்டம் மூன்றரை அடி. ஆக மொத்தம் 1.46 கன அடி, கன அடி 1,800 ரூபாய் வீதம் 2,630 ரூபாய். ஆனால் இரண்டு கால்களிலும் அடியில் அரையடி முழுக்க அழுகியிருந்தது. அதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள் என்று கேட்டேன். பாய் அன்று இல்லை; கணக்கு எழுதும் பையன், முனையிலிருந்து முனைவரை அளப்பதுதான் வழக்கம் என்று சொல்லி மறுத்துவிட்டான். தொகை 150 ரூபாய்தான். எனக்கு வேண்டியது ஆறரை அடி என்பதால் அந்த அரையடியை எப்படியும் அறுத்துத்தான் இருப்பேன். ஆனாலும் பயன்படாத மரத்துக்குத் தேக்கு விலை வாங்குவது சரியில்லை. குத்திப் பார்க்கத் திருப்புளி கொடுக்கும் ஒரு கடை, குத்திக் கண்டுபிடித்த அழுகலைக் கணக்கில் கழிக்கவும் வேண்டும். பல நிலைகள் சேர்த்து வாங்குபவருக்கு இது ஆயிரங்களில் வரும். அளவு நாடாவைக் கையோடு கொண்டு போய், அளப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

கதவு தனியாக 3,500 ரூபாய். ஆறேகால் அடி உயரம், இரண்டே முக்கால் அடி அகலம், நான்கு பலகைகள் பதித்தது. மேலே பச்சை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே காவி என்று மூன்று பூச்சுகள் இருந்தன. இந்த இடத்தில், வாங்குபவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கடையில் இதைச் சொல்வதில்லை. பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த உப்புத்தாள் கொண்டோ மின் எந்திரம் கொண்டோ தேய்த்தால் எழும் தூள், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. நெருப்பு காட்டிக் கருக்கி எடுப்பது அதைவிட மோசம். நான் பெயின்ட் ரிமூவர் தடவி, பூச்சு கொப்பளித்து எழுந்த பிறகு ஈரத்தோடு சுரண்டினேன். மிச்சத்தை நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் எடுத்தேன். முகக்கவசம் அணிந்து, பேத்தியை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொல்லையில் தார்ப்பாய் விரித்துச் செய்தேன்; சுரண்டியதை அந்தத் தார்ப்பாயோடு சுருட்டிக் கட்டினேன். காஸ்டிக் சோடா மலிவு என்று சிலர் சொல்வார்கள். அது தேக்கைக் கறுக்க வைத்துவிடும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மூன்றாவது ஞாயிறு மாலையில், காவிப் பூச்சு கழன்ற இடத்தில் முதன்முதலாக மரத்தின் ரேகை தெரிந்தது. சட்டங்கள் சேரும் மூலையில் விரல்நுனி அளவு வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. சுத்தம் செய்து பார்த்தால் மர ஆணி. ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். அந்தக் கதவில் இணைப்புக்கென்று இரும்பே இல்லை. எங்கள் ஆசாரி அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “இத பிரிக்காதீங்க சார், நான் போட்டா இப்டி வராது” என்றார். பிரிக்கவில்லை. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து இரண்டு முறை பூசி, அதன்மேல் வெளிப்புற வார்னிஷ் அடித்தோம்.

பித்தளைச் சாமான்கள்தான் இந்தக் கடையின் உண்மையான செல்வம். கீல், தாழ்ப்பாள், குமிழ், நாதாங்கி எல்லாம் எடைக்கணக்கு. ஒரு காந்தம் கொண்டு போக வேண்டும். பித்தளையில் ஒட்டாது, முலாம் பூசிய இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அதே காந்தத்தை உத்திரங்களின் மேல் ஓட்டினால் உள்ளே ஒளிந்திருக்கும் ஆணியும் தெரியும். அதைப் பார்க்காமல் கொடுத்தால் ஆசாரியின் இழைப்புளி அலகு உடையும். நான் எடுத்த கீல்களும் தாழ்ப்பாளும் 1.4 கிலோ, 910 ரூபாய். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் பளிச்சென்று வந்துவிட்டன. இரும்புக் கீல் வாங்குபவர்கள் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊற வைத்தால் இறுகிய அச்சு அசைந்து கொடுக்கும். பழைய திருகாணித் துளை பெரிதாகிப் பிடிக்காமல் போனால் மூங்கில் குச்சியில் ஃபெவிகால் தடவி அடித்து, காய்ந்த பின் மட்டமாக அறுத்துவிட்டுத் திருகினால் போதும்.

இதே கடையில் பழைய சுவிட்சுகள், ஒயர்கள், மின்விசிறி ரெகுலேட்டர்களும் ஒரு மூலையில் குவிந்திருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். மின்சாமான் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் தொட வேண்டாம். அறுத்தாலும் துளையிட்டாலும் அதன் இழைத்தூள் நுரையீரலுக்குப் போகும். பழைய குழாய்களையும் விட்டுவிடலாம், நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு அவற்றின் உள்ளே கல்லாகப் படிந்திருக்கிறது.

ஒன்று மட்டும் எதிர்பாராமல் கிடைத்தது. கொட்டகைக்குப் பின்னால் உடைந்த வெள்ளை டைல்ஸ் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மூட்டை 40 ரூபாய். மொட்டை மாடியில் வெள்ளைத் துண்டுகளைச் சிமென்ட்டில் பதித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதால், படுக்கையறைக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும் பதித்தோம். சித்திரை மாதத்து இரவுகளில் முன்பெல்லாம் அந்த அறையில் சுவரைத் தொட்டால் சுடும். இந்த ஆண்டு என் மனைவி அங்கேயே படுத்துக்கொள்கிறாள். கூர்முனைகளை ஓரம் தேய்த்துப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வடகம் காயப்போடப் போகிறவர்களின் காலைக் கிழிக்கும்.

கதவுக்கு ஆன மொத்தச் செலவையும் சொல்லிவிடுகிறேன். கதவு 3,500, நிலை 2,630, பித்தளை 910, வண்டி 400, ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி 2,400, ரிமூவர், உப்புத்தாள், எண்ணெய், வார்னிஷ் 1,150. ஆக 10,990 ரூபாய். என் நான்கு ஞாயிறுகளுக்கு விலை போடவில்லை. அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கும், குளியலறைக் கதவு தேடுபவர்களுக்கும் இந்தக் கடையை நான் சொல்ல மாட்டேன், குளியலறைக்குப் பி.வி.சி. கதவே பொருத்தம். நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு, 11,000 ரூபாய்க்குள் இந்தத் தரத்தில் ஒரு தேக்குக் கதவு நான் விசாரித்த வேறு எந்த இடத்திலும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும்; காலையிலேயே போய்விட வேண்டும். பிடித்த பொருளுக்கு முன்பணம் கொடுத்தால் ஒரு வாரம் எடுத்து வைப்பார்கள், சாக்கட்டியில் பெயரையும் எழுதி வைப்பார்கள். இப்போது என் பெயர் எழுதிய இரண்டு கம்பி சன்னல்கள் அங்கே சுவரோரம் நிற்கின்றன. இந்த முறை பாய் இருக்கும்போதே அளக்கச் சொல்லியிருக்கிறேன்.