‘ஹைட்ரஜனுக்குத் தயார்’ டர்பைன்கள்: ஒரு மதிப்புரை

எரிவாயு டர்பைன் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களின் விளக்கக் கையேடுகளில் இப்போது ‘ஹைட்ரஜனுக்குத் தயார்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது; இயற்கை எரிவாயுவோடு ஹைட்ரஜனையும் கலந்து எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்பது அதன் பொருள். இயந்திரத்தைப் பொறுத்தவரை பெரிய குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் அச்சிடப்படும் சதவீதத்தையும், உள்ளே செலுத்தப்போகும் எரிபொருளையும் நன்றாக விசாரித்த பிறகே வாங்க முன்வர வேண்டும்.

‘30 சதவீத ஹைட்ரஜன்’ என்றால் அது கொள்ளளவுக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் வெப்பம், அதே அளவு மீத்தேன் (இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறு) தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், 30 சதவீதம் கலந்தாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 11 சதவீதம்தான் குறையும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மெக்டொனா-அட்கின்சன் மின் நிலையத்தில் 2022-இல் 20 சதவீதம் கலந்து ஓட்டியபோது குறைந்தது சுமார் 7 சதவீதமே. உமிழ்வைப் பாதியாக்க முக்கால் பங்குக்கும் மேல் ஹைட்ரஜன் வேண்டும். விற்பனைக்கு வருபவர்கள் இந்தக் கணக்கைத் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாராட்ட வேண்டியது எரிகலனை, அதாவது டர்பைனுக்குள் எரிபொருள் எரியும் அறையை. ஹைட்ரஜன் சுடர் மீத்தேன் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதால், எரிபொருளும் காற்றும் கலக்கும் இடத்துக்கே தீ பின்வாங்கிப் பாய்ந்து எரிமுனையைச் சிதைத்துவிடக்கூடும். வெப்பம் கூடுவதால் காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெருகும். தண்ணீரோ நீராவியோ செலுத்தி வெப்பத்தைத் தணிப்பது பழைய வழி. அதில் திறன் குறையும். கவாசாகி நிறுவனம் மிக நுண்ணிய துளைகள் வழியே ஹைட்ரஜனைச் செலுத்தி, ஒரு பெரிய சுடருக்குப் பதிலாக ஏராளமான குறுஞ்சுடர்களை உண்டாக்குகிறது. வாயு கடும் வெப்பத்தில் தங்கும் நேரம் சுருங்குவதால் ஆக்சைடுகள் மட்டுப்படுகின்றன. ஜப்பானின் கோபே நகரில் 1 மெகாவாட் அளவிலான டர்பைனில் 2020-இல் இது தண்ணீரின்றியே இயங்கிக் காட்டியது. பிரான்சில் ஒரு காகித ஆலை வளாகத்தில் சீமென்ஸ் எனர்ஜியின் 12 மெகாவாட் டர்பைன் 2023-இல் முழு ஹைட்ரஜனில் ஓடியது. பெரிய டர்பைன்களின் நிலை வேறு: மிட்சுபிஷி அதே ஆண்டில் ஜப்பானின் தகசாகோவில் மின்கட்டமைப்புடன் இணைத்து ஓட்டிக் காட்டியது 30 சதவீதக் கலவையில்தான்.

எரிகலனோடு செலவு முடிவதில்லை. சில வகை எஃகை ஹைட்ரஜன் நொறுங்கும்படி செய்துவிடும் என்பதால் குழாய், வால்வு, அடைப்பு வளையம் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஹைட்ரஜனுக்கு மணமும் இல்லை, பகல் வெளிச்சத்தில் சுடரும் ஏறக்குறையத் தெரியாது. ஆகவே கசிவையும் தீயையும் கண்டறியும் தனி உணரிகள் கட்டாயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தயக்கம் எரிபொருள் கணக்கில் இருக்கிறது. மின்னாற்பகுப்பின் மூலம், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதை மிகச் சிறந்த கூட்டுச் சுழற்சி நிலையத்தில் (எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்தால் நீராவி டர்பைனையும் ஓட்டும் நிலையம்) எரித்தாலும் திரும்பக் கிடைப்பது சுமார் 20 யூனிட். அமுக்கவும் சேமிக்கவும் ஆகும் செலவு தனி. நாள்தோறும் ஓட்டுவதற்கு இது கட்டுப்படியாகாது. மிஞ்சும் சூரிய, காற்று மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மாதக்கணக்கில் சேமித்துவைத்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எடுப்பதற்கு மட்டும் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள டெல்டாவில் 840 மெகாவாட் நிலையத்தை, ஹைட்ரஜனைச் சேமிக்கும் நிலத்தடி உப்புக் குகைகளோடு சேர்த்தே திட்டமிட்டதன் காரணம் அதுதான்.

அத்தகைய சேமிப்பிடமோ, பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து துணைப்பொருளாக ஹைட்ரஜனோ கிடைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் அந்தத் ‘தயார்’ முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், நைட்ரஜன் ஆக்சைடு வரம்புக்கான உத்தரவாதம் எத்தனை சதவீதக் கலவை வரை, எந்தச் சுமையில் செல்லும் என்பதையும், பின்னாளில் எரிகலனை மாற்றும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.