மருத்துவ உணவைப் பூனை சாப்பிடுமா? செல்லியோடும் முத்துவோடும் சில ஆண்டுகள்

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பூனை உணவு என்றதும் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். அதில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பூனை அதைச் சாப்பிடுகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. தட்டிலேயே காய்ந்து போகிற சிறுநீரக உணவு எந்தச் சிறுநீரகத்தையும் காப்பாற்றாது.

சென்னையில் எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். செல்லிக்குப் பதின்மூன்று வயது; நாட்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை. முத்து இளம் ஆண் பூனை. சிறுநீரில் ஸ்ட்ரூவைட் எனப்படும் தாது உப்புப் படிகங்கள் இருந்தன. சில ஆண்டுகளாக இரண்டுக்குமே மருத்துவ உணவுதான்.

முத்துவின் கதை சிறியது. சிறுநீர்ப்பாதை உணவை முதல் வேளையிலிருந்தே விரும்பிச் சாப்பிட்டான். இவ்வகை உணவுகள் பலவற்றில் தாகத்தைத் தூண்டுவதற்காக உப்பைச் சற்றுக் கூட்டியிருப்பார்கள். இறைச்சிப் புரதத்தையும் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆகவே சுவை கெடுவதில்லை. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால் உணவை மாற்றிப் பார்க்கக் காத்திருக்காதீர்கள்; அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

செல்லிதான் எங்களைச் சோதித்தாள். பழுதான சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றத் திணறும் என்பதால் சிறுநீரக உணவில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். பாஸ்பரஸ் மிகுந்திருப்பதோ இறைச்சியிலும் மீனிலும் எலும்பிலும், அதாவது பூனை ஆசைப்படுகிற எல்லாவற்றிலும். போதாததற்கு, சாதாரண உலர் உணவின்மேல் தெளிக்கிற சுவையூட்டிகளில் பைரோபாஸ்பேட் உப்புகள் பரவலாகச் சேர்கின்றன. பூனைகளுக்கு அவை மிகவும் பிடிக்கும். அவையும் பாஸ்பரஸ் கணக்கில் வருபவை என்பதால் சிறுநீரக உணவில் தாராளமாகச் சேர்க்க முடியாது. இனிப்பைக் காட்டியும் ஏமாற்ற முடியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே தயாரிப்பாளர்கள் கொழுப்பைக் கூட்டியும் மணத்தைக் கூட்டியும்தான் பூனையை இழுக்கப் பார்க்கிறார்கள்.

2000-இல் லண்டனிலிருந்து வெளியான ஆய்வு ஒன்றை இந்த நோயோடு போராடும் எல்லோருக்கும் சொல்வேன். சிறுநீரகம் பழுதான 50 பூனைகளுக்குப் பாஸ்பரஸும் புரதமும் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 29 பூனைகள் அதற்கு மாறின. மீதி 21 பழைய உணவிலேயே தொடர்ந்தன. பூனை மறுத்தது, அல்லது வளர்த்தவர்களுக்கு மனம் வரவில்லை. நோய் தெரிந்த பிறகு மாறிய பூனைகள் வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பூனைகள் இதைத் தாண்டி வாழ்ந்தன என்று பொருள்) 633 நாள், மாறாதவற்றுக்கு 264 நாள். குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள் அல்ல என்பதால் வித்தியாசம் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் இரண்டு குழுக்களையும் பிரித்தது எது என்று பாருங்கள்: சாப்பிட்டதும் சாப்பிடாததும். சுவை சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பூனை மறுக்கும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது, உணவு பிடிக்கவில்லையா, குமட்டுகிறதா என்பதை. மருத்துவ உணவை ஒதுக்கிவிட்டு, அம்மா மத்தி மீன் வேகவைக்கும் வாசனைக்கு ஓடிவந்தால் பெரும்பாலும் உணவுதான் பிடிக்கவில்லை. தட்டருகே ஆசையாக வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது குமட்டல். செல்லிக்கு இரண்டாவது. மருத்துவர் குமட்டலுக்கு மருந்து கொடுத்த பிறகே அவள் எந்த உணவையும் நிம்மதியாகத் தின்றாள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் புதிய உணவைக் காட்டவே வேண்டாம் என்றும் அவர் தடுத்தார். வயிறு புரட்டும் நேரத்தில் முகர்ந்த உணவைப் பூனை நோயோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு உடம்பு தேறினாலும் தொடாது. அந்த ஆலோசனைக்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

மாற்றத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று பையில் அச்சிட்டிருப்பார்கள். வயதான பூனைக்கு அது போதாது. பழைய உணவில் ஒரு சிட்டிகை புதியது என்று தொடங்கிப் பல வாரங்கள் எடுத்துக்கொண்டோம். அவள் பின்வாங்கினால் நாங்களும் ஒரு படி பின்வாங்கினோம்.

எங்கள் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது வெப்பம். பவுச்சைப் பிரிக்காமல் வெந்நீரில் சற்று நேரம் போட்டு, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் மணம் எழும்பும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்ததை அவள் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அடுத்தது பதம். கூழ் போன்றதை மறுத்தவள், அதே வகை உணவைக் குழம்பில் மிதக்கும் துண்டுகளாக வைத்தபோது குழம்பை நக்கி முடித்துத் துண்டுகளுக்கும் வந்தாள். ஈர உணவில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் சிறுநீரக நோயாளிக்கு அது கூடுதல் நன்மை. பவுச் விலை கையைக் கடிக்கும். அதனால் காலையும் இரவும் ஈர உணவு, இடையில் உலர் உணவு என்று வைத்துக்கொண்டோம்.

நம் ஊர் காற்றைப் பற்றி எந்தப் பையிலும் எழுதியிருப்பதில்லை. சிறுநீரக உலர் உணவில் கொழுப்பு அதிகம்; மீன் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். ஐப்பசி ஈரத்தில் திறந்த பை சீக்கிரமே நமுத்துப் போகிறது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. நமக்கு லேசாகத் தெரியும் வாடை பூனைக்குப் பெரிது. பெரிய பை வாங்கினால் விலை குறைவுதான், ஆனால் பின்பாதி வீணாகும். சிறிய பையாக வாங்கி, பையோடு சேர்த்துக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வைப்பதே மேல். எறும்புக்குத் தட்டைச் சுற்றித் தண்ணீர் கட்டினால் போதும். எறும்புப் பொடியைப் பூனை உள்ள வீட்டில் கிட்டவே சேர்க்காதீர்கள்.

செல்லிக்கு மாத்திரையை இந்த உணவில் ஒளித்துக் கொடுப்பதில்லை. கசப்பு ஒருமுறை நாக்கில் பட்டால் உணவின் மீதே சந்தேகம் வந்துவிடும். உப்பில்லாத மீன் வெந்த தண்ணீரை மருத்துவரின் சம்மதத்தோடு சில சொட்டு விடுகிறோம். மீன் குழம்பு கூடவே கூடாது; வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. கருவாட்டில் உப்பும் பாஸ்பரஸும் அதிகம்.

“பசித்தால் தானாகச் சாப்பிடும், பட்டினி போடு” என்றார் பெரியம்மா. நாய்க்குச் சொல்லும் யோசனையைப் பூனைக்குப் பொருத்தாதீர்கள். பூனை, அதுவும் கொழுத்த பூனை, சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு முழுநாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவ உணவை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதைக் கொடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். பசியைத் தூண்ட மிர்டசபின் போன்ற மருந்துகள் அவர்களிடம் உண்டு.

இப்போது செல்லியின் எடை நிலையாக இருக்கிறது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினினும் 2.4-ஐ ஒட்டியே, ஏறாமல் நிற்கிறது. மாதத்தில் சில நாட்கள் அவள் சலித்துக்கொள்வாள். அதற்கென்றே வேறு நிறுவனத்தின் சிறுநீரக உணவு ஒன்றையும் பழக்கி வைத்திருக்கிறோம்.

விற்பவர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சில நிறுவனங்கள், பூனை உண்ண மறுத்தால் மருத்துவ உணவுக்கான பணத்தைத் திருப்பித் தருகின்றன. இங்கே நான் வாங்கும் கடைகளில் திறந்த பையைத் திரும்ப வாங்குவதில்லை. ஐம்பது கிராம் மாதிரிப் பொட்டலம் ஒன்று கிடைத்தால்கூட, நோயாளிப் பூனை எதைச் சாப்பிடும் என்று பார்த்துவிட்டு மாதச் சம்பளக்காரர்கள் துணிந்து வாங்குவார்கள். மருத்துவர்களும் தங்கள் கிளினிக்கில் இரண்டு மூன்று வகையைப் பிரித்து வைத்துச் சுவை பார்க்கக் கொடுக்கலாம்.