வேலைக்கு என்று சாம்பிள் கேட்டு வாங்கி, என் பெயரோடு விற்கப் பார்த்தார்கள்: பிசினஸ் அனலிஸ்ட்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோலாலம்பூரில் பிசினஸ் அனலிஸ்ட் வேலை, அதாவது ஒரு கம்பெனிக்குப் புது சிஸ்டத்தில் என்னென்ன வேண்டும் என்று கேட்டறிந்து எழுதித் தரும் வேலை, தேடுகிறவர்கள், முக்கியமாகக் காண்ட்ராக்ட் முடிந்து அடுத்த இடம் பார்க்கும் தம்பி தங்கைகள், இதைப் படித்துவிட்டு அப்புறம் உங்கள் ஃபைல்களை அனுப்புங்கள். பங்சார் சவுத் பக்கம் இருக்கும் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனி, வேலை தருவதாகச் சொல்லி என்னிடம் சாம்பிள் ஆவணங்களை வாங்கி, தாங்கள் எழுதியது என்று ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்திருக்கிறது. கூடவே என் பெயரையும் தங்கள் ஆள் பட்டியலில் போட்டிருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நம் வேலையில் சாம்பிள் காட்டுவதே சிக்கல்தான். டிசைனர் தான் செய்த வெப்சைட்டைத் திறந்து காட்டிவிடலாம், நாம் எழுதும் பிஆர்டி (என்னென்ன வேண்டும் என்ற தேவை ஆவணம்), புரோசஸ் ஃப்ளோ (வேலை நடக்கும் வரிசைப் படம்), யூசர் ஸ்டோரி (பயன்படுத்துபவருக்கு என்ன வேண்டும் என்ற சின்னக் குறிப்பு) எல்லாம் கம்பெனிக்கு உள்ளேயே இருக்க வேண்டியவை. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, சம்பளத்துக்கு எழுதியது முதலாளிக்குச் சொந்தம், வெளியாள் எழுதச் சொல்லி எழுதிக்கொடுத்தது அந்த வெளியாளுக்குச் சொந்தம், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய. பேங்க்கில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் கடுமை. வாடிக்கையாளர் விவரம் ஒரு வரி வெளியே போனாலும் 2013 நிதிச் சேவைச் சட்டம் 133-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, 10 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம் என்று இருக்கிறது.

அதனால் நான் பழைய கம்பெனி ஃபைல் எதையும் தொடுவதில்லை. சாம்பிளுக்கென்றே ஒரு கற்பனைக் கடையை உருவாக்கி வைத்திருந்தேன். கார் உதிரிபாகக் கடை, காஜாங்கில் தலைமையகம், ரவாங்கிலும் சிகாமட்டிலும் கிளைகள். அந்தக் கடை மின் விலைப்பட்டியலுக்கு, அதாவது வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் கொண்டுவந்த இ-இன்வாய்ஸுக்கு மாற வேண்டும், அதுதான் பிராஜெக்ட். ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் ஆரம்பித்து, அப்புறம் சின்னக் கம்பெனிகளுக்கும் படிப்படியாக வந்ததால், எல்லாரும் இதற்குத்தான் ஆள் தேடினார்கள். இன்வாய்ஸில் நிரப்ப வேண்டிய 55 தகவல் கட்டங்களைப் பட்டியல் போடுவது யாருக்கும் வரும். கஷ்டம் விதிவிலக்குகளில் இருக்கிறது. வாங்கியவர் 72 மணி நேரத்துக்குள் நிராகரித்தால் கிளையில் யார் திருத்துவது, அந்த நேரம் தாண்டிவிட்டால் ரத்து செய்ய முடியாதே, தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் யார் கையெழுத்தில் போவது, கவுன்ட்டரில் ரொக்கத்துக்கு வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய், மாத மொத்த இன்வாய்ஸ் அனுப்பிய பிறகு திரும்பி வந்து தனி இன்வாய்ஸ் கேட்டால் என்ன பதில். இப்படி ஒவ்வொன்றையும் யோசித்து அட்டவணையாகப் போட்டிருந்தேன். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்த உழைப்பு அது.

இந்தக் கம்பெனி முதல் இண்டர்வியூவிலேயே நன்றாகப் பேசியது. பிடிஎஃப் அனுப்பினேன். ‘நீங்க டாக்குமெண்டை எப்படிக் கட்டுறீங்கன்னு பார்க்கணும்’ என்று வேர்ட் ஃபைலும், படங்கள் வரைந்த விசியோ ஃபைலும் கேட்டார்கள். இரண்டாவது சுற்றில், வீட்டிலிருந்து செய்யும் டெஸ்ட் என்று, திருப்பி அனுப்பும் சரக்குக்கும் அதே மாதிரி ஒரு பகுதி எழுதித் தரச் சொன்னார்கள், அதையும் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு மெயிலுக்குப் பதில் இல்லை, போன் எடுக்கவில்லை.

ஷா ஆலாமில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கும், முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கைதான் போன் செய்தாள். “அக்கா, அங்க சேர்ந்துட்டீங்களா? சொல்லவே இல்லையே!” அவர்களுக்கு வந்த புரோபோசலில் லீட் பிசினஸ் அனலிஸ்ட் என்று என் பெயர், பின்னால் என் ரெஸ்யூம். நான் அங்கே வேலை பார்க்கவில்லை என்று சொன்னதும் அவள் தன் மேனேஜரிடம் போனாள், அவர் என்னை முறையாக அழைத்து, நான்தானா என்று உறுதி செய்துகொள்ள அந்தப் பக்கங்களை ஸ்கிரீனில் காட்டினார். ‘எங்கள் அணுகுமுறை’ என்ற தலைப்பில் என் ஆவணம் அப்படியே இருந்தது. கடையின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். விதிவிலக்கு அட்டவணையில் ஒரு வரியில் ‘சிகாமட் கிளை’ என்பது அழிக்காமல் கிடந்தது. அந்த மொத்த வியாபாரக் கம்பெனிக்கு சிகாமட்டில் கிளையே கிடையாது.

கன்சல்டிங் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். டெம்ப்ளேட் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். தலைப்புகள் பொது என்பது உண்மைதான், ஒரு வேலையைச் செய்யும் முறையையோ யோசனையையோ பதிப்புரிமை காக்காது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் எழுதிய வாக்கியங்களும் வரைந்த படங்களும் என்னுடையவை. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. ‘அது உங்க பழைய கிளையண்ட் டாக்குமெண்ட்தானே, அவங்களுக்குத் தெரியப்படுத்தவா?’ என்று கேட்டார்கள்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. பழைய கம்பெனியின் பிஆர்டியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி சாம்பிளாக அனுப்புகிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள், வேலை வேண்டுமே என்ற நெருக்கடியில் செய்கிறார்கள். இவர்கள் பிழைப்பதே அந்தப் பயத்தில்தான். அப்படி அனுப்பியவர் தன் உழைப்பு களவு போனதைப் பார்த்தாலும் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் பழைய முதலாளியிடம் அவர்தான் மாட்டுவார். என்னிடம் அந்த மிரட்டல் செல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கடை உலகத்தில் எங்கேயும் இல்லை, அதன் முதல் வரைவிலிருந்து எல்லாம் தேதியோடு என் மெயிலில் இருக்கிறது.

ஆகவே சாம்பிள் வேண்டுமென்றால் புதிதாக எழுதுங்கள், கற்பனைக் கம்பெனிக்கு எழுதுங்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்த சின்னச் சின்ன விவரங்களை உள்ளே வையுங்கள். ஸ்கிரீன் ஷேர் செய்து காட்டுங்கள். வேர்ட் ஃபைல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஏன் என்று கேளுங்கள். டெஸ்ட் கொடுத்தால், இது எந்தக் கிளையண்டுக்காவது போகுமா என்று மெயிலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். ரெஸ்யூம் அனுப்பும் மெயிலிலேயே ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பதிப்புரிமை எழுதியவுடனே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விருப்பப் பதிவு உண்டு, சத்தியப் பிரமாணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவேட்டு நகல் சாட்சியாக நிற்கும். நான் இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறேன். என் ரெஸ்யூமைக் கேட்காமல் பயன்படுத்தியதற்கு 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையரிடம் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஷா ஆலாம் கம்பெனி அந்தப் புரோபோசலை ஒதுக்கிவிட்டது. கன்சல்டிங் கம்பெனி என் பெயரை எடுத்துவிட்டதாக ஒரு வரியில் பதில் போட்டது, ஆவணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பிராஜெக்டுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள், திருத்தக்கூடிய வடிவில் இரண்டு சாம்பிள் கேட்டு. பினாங்கு நண்பர்கள் யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால், என்னென்ன அனுப்பினீர்கள், எந்தத் தேதியில் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். அவர்களோடு பேசிய மெயில் எதையும் அழித்துவிடாதீர்கள்.