காரைக்குடி செஸ் வகுப்பு: ஓப்பனிங் பிரமாதம், கடிகாரம்தான் பற்றாக்குறை

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு முகப்பில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் செஸ் வகுப்பு இது, என் மகள் போகிறாள். நம்மூர் பிரணேஷ் 2023 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்தே இந்த ஆசை வீட்டுக்கு வீடு தொற்றிவிட்டது, 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் கேட்கவே வேண்டாம். ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களை, வரிசையாக மனப்பாடம் செய்யவைத்து அனுப்பும் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

இங்கே இத்தாலியன் என்ற ஓப்பனிங் ஒன்றுதான், அதையே மாதக்கணக்கில் தோண்டுகிறார்கள். ஒரு போட்டியில் மகளுக்குக் கறுப்புக் காய். எதிரே இருந்த பையன் மந்திரியை சி4 கட்டத்தில் வைத்து, நாலாவது நகர்த்தலில் குதிரையை ஜி5க்குக் கொண்டுவந்தான். இவள் சரியாகவே டி5இல் சிப்பாயைத் தள்ளினாள், அவன் வெட்டியதும் யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டிவிட்டாள். அவ்வளவுதான், அவன் எஃப்7இல் குதிரையைப் பலி கொடுக்க, ராஜா அதை வெட்ட, ராணி எஃப்3க்கு வந்து செக்! டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6 வரை நடந்து பலகை நடுவில் நின்றது. அதற்கப்புறம் என்ன ஆட்டம்?

அடுத்த வகுப்பில் சார் அவள் நகர்த்தல்களை எழுதிவைத்த நொட்டேஷன் தாளை வாங்கி, அந்தப் பையன் டி5 சிப்பாயை வெட்டிய இடத்தை அப்படியே பலகையில் அடுக்கினார். விடையைச் சொல்லவில்லை. "அவன் மந்திரி எங்க பாக்குது பாப்பா? அதை விரட்ட யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தினாள். ஒரு சிப்பாய் போனாலும் மந்திரியை விரட்டும் சாக்கில் நம் காய்கள் வேகமாக வெளியே வந்துவிடும் என்று அப்புறம்தான் விளக்கினார். கொடுக்கும் காசு இதற்கே தகும்.

குறையும் உண்டு. இத்தனை பிள்ளைகளுக்கு டிஜிட்டல் கடிகாரம் இரண்டே இரண்டு, அதனால் போட்டிக்குப் போனால் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறக்கிறார்கள். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தைத் தொட்டே பார்ப்பதில்லை. ஆத்தங்குடிக் கல் தரை வெயிலுக்குச் சில்லென்று இருக்கும், ஆனால் காத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாற்காலி கிடையாது, மூட்டுவலிக்காரர்கள் பாவம்.

போட்டிகளில் ஆடி ரேட்டிங் (தரப்புள்ளி) வாங்கிய பிள்ளைகளுக்கு இது போதாது. இப்போதுதான் காய் நகர்த்தப் பழகியவர்களைத் தாராளமாகச் சேர்க்கலாம், கடிகாரம் மட்டும் வீட்டில் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.